அடுத்து எந்த புக்கு? வாசகர் கேள்வி, அக்கா பதில்

நாவல், மந்திரக்கதை, வரலாறு, அறிவியல்னு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கறவங்க எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம், பீடோங், செமிலிங், சுங்கை லாலாங், குரூண்னு கெடாவுல நம்ம சுத்துவட்டாரத் தோட்டத்துலேர்ந்தெல்லாம் கடுதாசியும் வாட்சப்பும் வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தயும் போட இடமில்ல, ஒரே மாதிரி கேள்விங்கள ஒன்னா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க.

அக்கா, என் மகன் படிவம் 2 படிக்கறான். எந்நேரமும் டிராகன், மந்திரவாதி, வாளுன்னு தடி தடியா இங்கிலீஷ் புக்குதான். ஒரு பாகம் முடிஞ்சா அடுத்த பாகம். இந்தக் கட்டுக்கதைல என்ன பிரயோஜனம்? அறிவு வளர்ற மாதிரி படிக்க வைக்க என்ன செய்யணும்?
– ஆயாக்கொட்டகைல வேலை செய்யற ஒரு அம்மா, பீடோங்

தங்கச்சி, மொதல்ல ஒன்னு சொல்லிடறேன், அந்தப் புக்க அவன் கையிலேர்ந்து புடுங்கிடாதீங்க. யாரும் சொல்லாம தானா உக்காந்து ஒரு புள்ள அவ்ளோ பக்கம் படிக்குதுன்னா அது சாதாரண விஷயமில்ல, அத ஒடைச்சிட்டா திரும்ப ஒட்ட வைக்கறது ரொம்ப கஷ்டம். அதுக்குப் பதிலா பக்கத்துல உக்காந்து, இதுல உனக்கு எதுய்யா புடிச்சிருக்குன்னு கேளுங்க. டிராகனா, முன்பக்கத்துல இருக்கற மேப்பா, சண்டையா, அந்த ராஜ்யத்தோட சட்டதிட்டமா? அவன் எத சொல்றானோ அதுலேர்ந்து இன்னொரு ஷெல்ப்புக்கு வழி போகும்.

டிராகன்னு சொன்னான்னு வைங்க. 1937-ல ‘தி ஹாபிட்’ எழுதின டோல்கீன் ஆக்ஸ்போர்டு யூனிவர்சிட்டில பழைய ஆங்கிலம் சொல்லிக்குடுத்த பேராசிரியர். பொக்கிஷத்து மேல படுத்திருக்கற டிராகன், அதுலேர்ந்து ஒருத்தன் ஒரு கோப்பைய திருடினதும் டிராகன் ஆத்திரத்துல எழும்பி ஊர கொளுத்தறது, இதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ‘பேவுல்ஃப்’ங்கற பாட்டுலயே இருக்கு, அந்தப் பாட்ட பத்தி அவரு 1936-ல பெரிய சொற்பொழிவே குடுத்திருக்காரு. படிச்சு ஆராய்ஞ்ச ஒரு மனுஷனோட அறிவுலேர்ந்து வந்த கதைதான் அது. உங்க மகன் கட்டுக்கதை படிக்கறான்னு நீங்க நெனைக்கறீங்க, அவனுக்கே தெரியாம அவன் பழைய இலக்கியத்தோட வாசல்ல நிக்கறான்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. கெடாவுக்குன்னே ஒரு பழங்கதை இருக்கு, ‘ஹிகாயாட் மேரோங் மகாவங்சா’. ரோம் நாட்டு இளவரசனுக்கும் சீனத்து இளவரசிக்கும் கல்யாணம் நடக்க விடமாட்டேன்னு கருடன் நபி சுலைமான்கிட்டயே சவால் விட்டு, இளவரசிய தூக்கிக்கிட்டுப் போய் லங்காவி தீவுல ஒளிச்சு வைக்குது, கப்பல் கப்பலா அடிச்சு கவுக்குது, மேரோங் மகாவங்சா அம்பு விட்டு அதோட சண்டை போடறாரு, அப்பறம் கரை எறங்கி லங்காசுக்காங்கற ராஜ்யத்த உண்டாக்கறாரு. அதே வம்சத்துல பின்னால ராஜா பெர்சியோங்னு ஒரு கோரப்பல் ராஜா. சமையல்காரன் கைய வெட்டிக்கிட்டு ஒரு சொட்டு ரத்தம் கீரையில விழ, அத சாப்ட்ட ராஜாவுக்கு அந்த ருசி புடிச்சுப் போயிடுது. மேல என்ன ஆச்சுன்னு நான் சொல்லல, அவனே படிக்கட்டும். இந்த மாதிரி கதை லைப்ரரில நாவல் பக்கம் இருக்காது, 398.2ங்கற நம்பர்ல நாட்டுப்புறக் கதைங்க கூட இருக்கும், அது அபுனைவு, அதாவது நாவல் கதை இல்லாத புக்குங்க இருக்கற ஷெல்ப்புல வர்ற நம்பர். மந்திரக்கதை தேடிப் போற பையன அந்த எடத்துல நிக்க வச்சிட்டீங்கன்னா பக்கத்து பக்கத்துல சடங்கு, பழக்கவழக்கம், பழமொழின்னு அவனே கைய நீட்டி எடுப்பான்.

ஒரு ஞாயித்துக்கெழமை மெர்போக்ல இருக்கற லெம்பா பூஜாங் மியூசியத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. ஜெராய் மலை அடிவாரம், அங்க புக்கிட் பத்து பகாட் சண்டிங்கற பழங்காலக் கோயிலோட கருங்கல் அடித்தளம் இருக்கு, நாலு பக்கமும் சுத்தி வரலாம். நம்ம பீடோங்லேர்ந்து செமிலிங் போற பக்கம் சுங்கை பத்துவுல பழங்காலத்துல இரும்பு உருக்கின எடத்தையே தோண்டி எடுத்திருக்காங்க, உலைக்குள்ள காத்து ஊதற மண்குழாயெல்லாம் கெடைச்சிருக்கு. கதைல வாள் எப்படி செய்யறாங்கன்னு படிச்ச பையனுக்கு நெஜமா இரும்பு எப்படி உருக்கினாங்கன்னு பாத்தா அன்னிக்கே அவன் வரலாறு புக்கு கேப்பான், நீங்க எதுவும் சொல்லவே வேணாம்.

வணக்கம்மா. கல்கி, சாண்டில்யன் எல்லாம் முடிச்சாச்சு, ‘கடல் புறா’ மூனு பாகமும் திரும்பத் திரும்ப படிச்சாச்சு. இப்ப வர்ற சரித்திர நாவல் ருசிக்க மாட்டேங்குது. வரலாறு புக்க எடுத்தா பள்ளிக்கூடப் பாடம் மாதிரி தூக்கம் வருது. நான் என்ன செய்ய?
– பழைய லாரி ஓட்டுநர், குரூண்

அண்ணே, உங்க கேள்விய படிச்சதும் அவ்ளோ சந்தோஷம், ஏன்னா ‘கடல் புறா’ புடிச்ச ஆளுக்கு போறதுக்கு எடமா இல்ல, அதுவும் கடாரத்துலயே, அதான் நம்ம கெடாவுலயே குடியிருக்கறவருக்கு.

வரலாறு புக்க முதல் பக்கத்துலேர்ந்து எடுக்காதீங்க. தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் எழுதின ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ தமிழ்லயே இருக்கு, நீலகண்ட சாஸ்திரி 1930-கள்ல இங்கிலீஷ்ல எழுதின சோழர் வரலாறும் தமிழ்ல வந்திருக்கு. ரெண்டுல எது கெடைச்சாலும் நேரா ராஜேந்திர சோழன் அத்தியாயத்துக்குப் போங்க. 1025 வாக்குல கடாரத்து மேல படையெடுத்தத அவனோட மெய்க்கீர்த்தி, அதாவது ராஜா புகழ பாடற கல்வெட்டு வரிங்க, ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ன்னு ஆரம்பிக்கும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மன புடிச்சது, அவன் யானைங்கள கைப்பத்துனது, வரிசையா எந்தெந்த ஊரு விழுந்ததுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நாவல்ல கப்பல் சண்டைய ரசிச்சவருக்கு இந்த வரி உடம்ப சிலிர்க்க வைக்கும். அதுல வர்ற ஊர்ல எது இன்னிக்கி எதுன்னு அறிஞருங்க போடற சண்டை இருக்கு பாருங்க, அதுவே ஒரு துப்பறியும் கதை.

இன்னொரு வழி. கடல் புறாவோட நாயகன் கருணாகரத் தொண்டைமான் நெஜமா இருந்தவன், குலோத்துங்கனோட படைத்தலைவனா கலிங்கத்துக்குப் போனவன், அந்தப் போர பத்திதான் செயங்கொண்டார் ‘கலிங்கத்துப்பரணி’ பாடினாரு. அது சரித்திரமான்னு கேட்டா சரித்திரம்தான், ஆனா அதுல பாலைக்காட்டு நடுவுல காளி கோயில், எலும்பும் தோலுமா பசில கெடக்கற பேய்க்கூட்டம், போர் முடிஞ்சதும் களத்துலயே அடுப்ப மூட்டி கூழு காய்ச்சி பந்தி வச்சு குடிக்குதுங்க. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்ன எழுதினது அண்ணே! எது சரித்திரம் எது மாயக்கதைன்னு அன்னிக்கி யாரும் கோடு போட்டு பிரிக்கல. உரை இருக்கற பதிப்பா வாங்குங்க, உரைய மட்டும் படிச்சாலும் தப்பில்ல.

அக்கா, எல்லாரும் ‘சேப்பியன்ஸ்’ படி படிங்கறாங்க. தமிழ்லயும் வந்திருச்சு, வாங்கிட்டேன். பாதி கூட தாண்ட முடியல. நான் அபுனைவுக்கு லாயக்கில்லையா?
– எஸ்.டி.பி.எம். மாணவி, சுங்கை லாலாங்

மூடி வச்சிரும்மா. மனுச குலத்தோட வரலாறு சொல்ற நல்ல புக்குதான், ஆனா ஒனக்கு இப்ப வேண்டாம், அவ்ளோதான், ஒரு புக்கு ஏறலன்னா அந்த வகையே ஏறாதுன்னு முடிவு கட்டிராத. தொ. பரமசிவன் எழுதின ‘அறியப்படாத தமிழகம்’ எடுத்துக்க, சின்ன புக்கு, 1997-ல வந்தது, ஒவ்வொரு கட்டுரையும் ரெண்டு மூனு பக்கம். உப்பு, எண்ணெய், உரல் உலக்கைன்னு உங்க பாட்டி வீட்டு அடுப்படில இருக்கற சாமான வச்சே அந்த மனுஷன் தமிழ்நாட்டோட வரலாறு, சாதி, சாமி எல்லாத்தயும் தொட்டுக் காட்டுவாரு. பஸ்ஸுக்கு நிக்கற நேரத்துல ஒன்னு முடிச்சிரலாம்.

எனக்கு ஆறாம் வகுப்புதான் படிப்பு. வாழ்க்க முழுக்க பால் மரம் வெட்டினேன், இப்ப மகன் வீட்டுல சும்மா இருக்கேன். பேத்தி போன்ல உங்க பகுதிய படிச்சுக் காட்டினா. என்ன மாதிரி ஆளுக்கு ஏதாவது புக்கு இருக்கா?
– ஒரு தாத்தா, செமிலிங்

ஐயா, உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு? உங்க கை உளிய புடிச்ச கை, அந்த மரத்த பத்தி எழுதின எந்தப் புக்கையும் சரியா தப்பான்னு சொல்ற தகுதி உங்களுக்குத்தான் இருக்கு, புரொபசருக்கு இல்ல.

அந்த மரம் இங்க வந்த கதைய பேத்தியத் தேடி எடுக்கச் சொல்லுங்க. 1876-ல ஹென்றி விக்கம்னு ஒரு வெள்ளக்காரரு பிரேசில் காட்டுலேர்ந்து 70,000 ரப்பர் விதைய கப்பல்ல ஏத்தி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு, அதுல கொஞ்சம்தான் மொளைச்சது. அடுத்த வருஷம் 22 செடி சிங்கப்பூருக்கு வந்து சேந்துச்சு, அதுலேர்ந்து சிலத கோலகங்சாருக்குக் கொண்டாந்து நட்டாங்க, அந்தக் காலத்து மரம் ஒன்னு இன்னிக்கும் அங்க நிக்குது. அப்பறம் 1888-ல சிங்கப்பூர் பூங்காவுக்கு அதிகாரியா வந்த ரிட்லிதான், மரத்த கண்டபடி கொத்திக் காயப்படுத்தாம, பழைய வெட்டையே மெல்லிசா சீவி சீவி பால் எடுக்கற முறைய ஆராய்ஞ்சு கண்டாரு. மரத்துக்கு உள்ள காயம் படாம எவ்ளோ ஆழம் போகலாம், பட்டைய எவ்ளோ மெல்லிசா எடுத்தா அடுத்த வெட்டுக்கு மிச்சமிருக்கும்னு உங்க மணிக்கட்டுக்குத் தெரியுமில்ல, அந்தக் கணக்கத்தான் அவரு புக்குல எழுதி வச்சாரு. விடியக்காலையில ஏன் வெட்டணும், வெயில் ஏறிட்டா பால் ஏன் சீக்கிரம் நின்னுடுதுன்னு கூட அறிவியல் காரணம் இருக்கு, குளிர்ல மரத்துக்குள்ள தண்ணி அழுத்தம் ஜாஸ்தி, அதான் பால் நல்லா ஓடுது.

கதையா வேணும்னா அகிலன் 1970-கள்ல நம்ம நாட்டுக்கு வந்து பாத்துட்டு எழுதின ‘பால்மரக் காட்டினிலே’ இருக்கு. நம்ம நாட்டு எழுத்தாளர் சீ. முத்துசாமியோட ‘மண்புழுக்கள்’ இருக்கு, அது தோட்டத்துப் பேச்சுலயே போகும். வெளியேர்ந்து வந்து பாத்த ஆளு எழுதினதும் உள்ளயே வளந்த ஆளு எழுதினதும் எப்படி வித்தியாசப்படுதுன்னு உங்களால மட்டும்தான் வரிக்கு வரி சொல்ல முடியும். பேத்தி படிக்கட்டும், நீங்க கேளுங்க, தப்பு இருக்கற எடத்துல நிறுத்தி, இது இப்படி இல்லடான்னு சொல்லுங்க, ஒட்டுப்பால் எப்படி இழுப்போம், மங்கு எப்படி கழுவுவோம்னு அவளுக்குக் காட்டுங்க. அத அவ ஒரு நோட்டுல எழுதி வைக்கட்டும், அத எனக்கு அனுப்புங்க, நான் படிக்கணும் ஐயா.

எங்க பாட்டியோட அண்ணன சப்பான்காரன் சயாம் ரயிலுக்கு புடிச்சிட்டுப் போயி திரும்பி வரவே இல்லன்னு சொல்லுவாங்க. அத பத்தி தெரிஞ்சிக்க நாவல் படிக்கறதா, வரலாறு படிக்கறதா?
– கிளினிக்கில் வேலை செய்யற தங்கை, பீடோங்

ரெண்டும் வேணும்மா, ஏன்னு சொல்றேன்.

வரலாறு புக்கு கணக்கு சொல்லும். தாய்லாந்துலேர்ந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. வெள்ளக்காரப் போர்க்கைதிங்க 60,000 பேருக்கு மேல வேலை செஞ்சாங்க, 12,000 பேருக்கு மேல செத்தாங்க. காஞ்சனபுரில அவங்க கல்லறை வரிசை வரிசையா, பேரு, வயசு, ரெஜிமெண்ட் எல்லாம் பொறிச்சு சுத்தமா இருக்கு. ஆனா மலாயாவுலேர்ந்து போன நம்ம ஆளுங்க, ஜாவாக்காரங்க, பர்மாக்காரங்க எல்லாம் அதவிட பல மடங்கு செத்தும், அவங்க ஒவ்வொருத்தர் பேரையும் யாரும் எழுதி வைக்கல, காலராவுல விழுந்தவங்கள ஒரே குழில போட்டு மூடினாங்க. அதனால உங்க பாட்டியோட அண்ணன நீங்க வரலாறு புக்குல தேடினா ஒரு எண்ணிக்கைக்குள்ள மறைஞ்சிருப்பாரு.

அந்த எடத்துலதான் நாவல் வருது. ஆர். சண்முகம் எழுதின ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதின ‘நினைவுச் சின்னம்’, ரெண்டுமே நம்ம மலேசியத் தமிழ் எழுத்தாளருங்க நம்ம ஆளுங்களோட பார்வையிலேர்ந்து எழுதினது. தோட்டத்துலேர்ந்து லாரி கெளம்பின காலை, கொட்டாயி, மழை, பொழைச்சவன் வீட்டுக்கு நடந்து வந்தது, இதெல்லாம் வெள்ளக்காரன் எழுதின புக்குல இருக்காது. அதே காலத்த வேற கோணத்துல பாக்கணும்னா ப. சிங்காரத்தோட ‘புயலிலே ஒரு தோணி’, அவரே இந்தோனேசியா மேடான்ல வேலை பாத்தவரு, மேடான், பினாங்குன்னு கதை போகும், நடை கொஞ்சம் கஷ்டம், விடாம புடிங்க. நாவல்ல வர்ற ஊரு, தேதி எல்லாத்தயும் வரலாறு புக்குல வச்சு சரிபாத்துக்கிட்டே வாங்க. உங்க பாட்டி இருக்காங்கன்னா இந்த வாரமே அண்ணன் பேரு, எந்தத் தோட்டம், எந்த வருஷம் போனாருன்னு கேட்டு எழுதிடுங்க, புக்கெல்லாம் அப்பறம் படிச்சுக்கலாம்.

தமிழ்ல சயன்ஸ் பிக்‌ஷன் இருக்கா அக்கா? – படிவம் 4 மாணவி

இருக்குடா. சுஜாதா 1980-கள்ல எழுதின ‘என் இனிய இயந்திரா’ல ஆரம்பி, ஜீனோன்னு ஒரு ரோபோ நாய் வரும், பேசும், யோசிக்கும், புக்கு படிக்கும், அத விட்டுட்டு உன்னால எழும்ப முடியாது. ரெண்டாவது பாகம் ‘மீண்டும் ஜீனோ’. இது புடிச்சா அதே சுஜாதா பத்திரிகைல வாசகர் கேள்விக்கு அறிவியல் பதில் சொன்ன ‘ஏன்? எதற்கு? எப்படி?’ எடுத்துக்க, கதை எழுதின அதே குரல்ல நெஜ அறிவியல் வரும், பழகின ஆளு பேசற மாதிரி இருக்கறதால பயமே இருக்காது.

என் மகள் இங்கிலீஷ் நாவல் மட்டும்தான் படிப்பா. நம்ம வாழ்க்கைய பத்தி இங்கிலீஷ்ல ஏதாவது இருக்கா? – ஒரு அப்பா, பீடோங்

கே. எஸ். மணியம் எழுதின ‘தி ரிட்டர்ன்’, 1981-ல வந்தது. அவரு நம்ம பீடோங்ல பொறந்தவரு. ரவிங்கற பையன், பெரியாத்தாங்கற பாட்டி, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போறப்ப வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவுல அந்தப் பையன் மாட்டிக்கிட்டு முழிக்கறது, எல்லாம் இருக்கு. மாயக்கதை மாதிரி வேணும்னா யாங்ஸி சூ எழுதின ‘தி நைட் டைகர்’, 1930-கள்ல பேராக்ல நடக்கற கதை, புலியா மாறற மனுஷன பத்தின நம்பிக்கை அதுல ஓடும். நம்ம ஊரு ரோடு, மழை, செடி கொடியெல்லாம் அச்சுல பாக்கறப்ப புள்ளைங்களுக்கு வர்ற நிமிர்வு இருக்கே, அத நான் பள்ளிக்கூட நூலகப் பொறுப்புல இருந்த காலம் பூரா பாத்திருக்கேன்.

நம்ம டவுன்ல பலசரக்குக் கடைல பஞ்சாங்கமும் வாரப் பத்திரிகையும்தான் தொங்குது. நீங்க சொல்ற புக்கெல்லாம் எங்க போய் தேடறது? – பல பேரு

நெஜமான கஷ்டம், ஒத்துக்கறேன். மொதல்ல சுங்கை பட்டாணி பொது நூலகத்துக்குப் போங்க, தமிழ் ஷெல்ப் சின்னதா இருக்குன்னு திரும்பிடாதீங்க, கவுண்டர்ல பேரு எழுதிக் குடுத்து இந்த புக்கு வேணும்னு கேளுங்க, கேக்கற ஆளு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அவங்களும் வாங்குவாங்க. ஷெல்ப் நம்பர் சிலத மனசுல வச்சுக்கிட்டா மலாய், இங்கிலீஷ், தமிழ் எதுவா இருந்தாலும் நேரா போயிடலாம்: நாட்டுப்புறக் கதை 398.2, பயிர்பச்சை 630 வரிசை, பயணம் 910, வாழ்க்கை வரலாறு 920, மலேசிய வரலாறு 959.5. உங்களுக்கு வேண்டிய புக்கு இல்லன்னாலும் அதுக்கு எடது பக்கம் வலது பக்கம் இருக்கறத எடுத்து நாலு பக்கம் நின்னுக்கிட்டே படிச்சுப் பாருங்க, எனக்கு புடிச்ச பாதி புக்கு அப்படித்தான் கையில சிக்குச்சு.

போன்ல படிக்கறவங்களுக்கு தமிழ் புக்குங்கள இணையத்துல போடற மதுரைத் திட்டம் இருக்கு, 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது, கலிங்கத்துப்பரணி, பொன்னியின் செல்வன் எல்லாம் காசில்லாம எறக்கிக்கலாம். பண்டாரத்தார் மாதிரி நாட்டுடைமையான எழுத்தாளருங்க புக்கெல்லாம் இணையத்துல தேடினா கெடைக்கும். மலேசிய எழுத்தாளருங்க புக்குதான் வெளிய சுலபமா கெடைக்காது, நூறு இருநூறுன்னு கொஞ்சமா அச்சடிச்சு வெளியீட்டு விழாவுலயே வித்துடறாங்க, அதனால உங்க பக்கத்துல புக்கு வெளியீடு நடந்தா கண்டிப்பா போங்க, முப்பது வெள்ளி குடுத்து வாங்குங்க, எழுதினவரையும் பாத்துப் பேசலாம். தோட்டத்துல நாலு வீடு சேந்து ஆளுக்கொரு புக்கு வாங்கி மாத்தி மாத்தி படிக்கலாம், ஆனா ஒரு கண்டிஷன், நாலு பேரும் வேற வேற வகை வாங்கணும், ஒருத்தர் நாவல், ஒருத்தர் வரலாறு, ஒருத்தர் அறிவியல், ஒருத்தர் மந்திரக்கதை. எந்த வீட்டுல எந்த புக்கு ரொம்ப நாள் திரும்பி வராம தங்குதுன்னு பாத்து எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல அதுலேர்ந்து பேசலாம்.